இயன்மருத்துவமும் இரவல் நாவும்

இயன்மருத்துவம் என்றொரு சொல் ஈழத்துத் தமிழில் இன்று வழங்கி வருகின்றது. பிசியோதெரபி எனப்படும் கலைக்கு நம்மவர் இட்ட பெயர் அது. தமிழகத்தார் இதனையே இயன்முறை மருத்துவம் என்பர். இரண்டிலும் முன்னிற்பது இயல் என்னும் சொல்லே. ஈற்று லகரம் மெல்லினம் வருமிடத்து னகரமாய்த் திரியும் என்பது நன்னூல் கற்ற மாணவர் அறிந்த விதி. இயல் என்பதும் மொழி என்பதும் புணர்ந்து இயன்மொழி ஆனாற்போல, இயல் மருத்துவத்தோடு புணர்ந்து இயன்மருத்துவம் ஆயிற்று. புறத்துறைகளுள் ஒன்றாகிய இயன்மொழி வாழ்த்தைப் பாடஞ்சொல்லும் போதெல்லாம் இப்புதுச் சொல்லும் உடன் நினைவுக்கு வருகின்றது.

இதனை ஆக்கினோர் இயற்கை, பௌதிகம் என்ற பொருள்களையே மனத்திற் கொண்டிருத்தல் கூடும். ஆயினும் சொல் அவர் கருத்தினும் ஆழமாய் அமைந்துவிட்டது. இயலுதல் என்பதற்கு நடத்தல், அசைந்து செல்லுதல் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. கூடுதல், முடிதல் என்ற பொருளும் உண்டு. நாட்டுப்புறத்திலே கை கால் வழங்காதவரை 'ஏலாதவர்' என்கிறோமே, அந்த 'ஏலாது' என்பதும் இயலாது என்பதனோடு உறவுடையதேயாம். ஏலாதவரை இயலச் செய்யும் மருத்துவத்துக்கு இதனினும் பொருந்திய பெயர் வேறு வாய்த்திராது. கத்தியும் இல்லை, மருந்துப் போத்தலும் பெரும்பாலும் இல்லை. கையும் பயிற்சியும் பொறுமையுமே இக்கலையின் கருவிகள். ஆதலின் இது மற்றெம்மருத்துவத்தினும் கற்பித்தலோடு நெருங்கியது. இங்கே மருத்துவர் ஆசிரியர், நோயாளர் மாணாக்கர்.

மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இக்கலையைப் பயிலும் மாணவரும் அவர்தம் ஆசிரியரும் விடுமுறைக் காலத்திற் குழுவாகப் பிறநாடு சென்று, தாம் அறிந்ததை அங்குள்ளார்க்குக் கற்பித்து மீளும் வழக்கம் ஏற்பட்டிருக்கின்றது. கூலி பெறுவதில்லை; வழிச்செலவையும் தாமே தேடிக்கொள்வார் உளர். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றிய ஹெல்த் வொலண்டியர்ஸ் ஓவர்சீஸ் என்னும் அமைப்பு, சென்றவிடத்து நோயாளரைத் தாமே பார்ப்பதினும் அவ்விடத்து மருத்துவரையும் தாதியரையும் இயன்மருத்துவரையும் பயிற்றுவதே தன் தலையாய பணி என வகுத்துக்கொண்டது. நல்ல நோக்கம் என்பதில் ஐயமில்லை. கொடைகளுட் கல்விக்கொடையே சிறந்தது என்று நாமும் காலங்காலமாகச் சொல்லி வருகின்றோம்.

ஆயின் ஒரு வினா எழுகின்றது. நன்னூற் பொதுப்பாயிரம் நூலினது வரலாறு, ஆசிரியனது வரலாறு, பாடஞ்சொல்லலினது வரலாறு, மாணாக்கனது வரலாறு, பாடங்கேட்டலினது வரலாறு என ஐந்து கூறிற்று. சொல்வோன் மொழியும் கேட்போன் மொழியும் வேறாகுமிடத்து நடுவே நிற்கும் மொழிபெயர்ப்போனது வரலாற்றை அது கூறவில்லை. பவணந்தியார் காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை போலும். வன்னி நிலத்திலே அத்தேவை இருக்கின்றது.

வன்னி மருத்துவருக்கு ஏங்கிய நிலம் என்பது புதுச்செய்தி அன்று. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய நூலைப் பார்த்தார், காய்ச்சலால் நலிந்த குடிகளையும் தூர்ந்த குளங்களையும் அங்கே காண்பர். நூறாண்டுகளின் பின் வந்தது காய்ச்சலினும் கொடியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தனர். கை இழந்தாரும் கால் இழந்தாரும் அவருட் பலர். கால் இழந்தார்க்குச் செயற்கைக் கால் பொருத்தும் வேலை வன்னிக்கு முன்னரே பழக்கமானது. போர்க்காலத்திற் கிளிநொச்சியில் வெண்புறா நிலையம் அப்பணியைச் செய்து வந்தது. முள்ளந்தண்டு வடம் அறுந்தோரின் நிலையே வேறு. அவர்க்குப் பொருத்துதற்கு யாதொன்றும் இல்லை.

எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பினர் அவ்வாண்டு மெனிக் பாமுக்கு அண்மையில் ஒரு கள மருத்துவமனையை நடத்தினர். வவுனியாவை அடுத்த பம்பைமடு ஆயுர்வேத வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சைக்குப் பின்னரான பராமரிப்பையும், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர்க்கான புனர்வாழ்வுப் பணியையும் மேற்கொண்டனர். பிறநாட்டு இயன்மருத்துவர் நம்மவர்க்குக் கற்பித்த இடங்களுள் அதுவும் ஒன்று.

அவர் கற்பித்தது யாது? இதனைச் சற்று விரித்துச் சொல்லல் வேண்டும். முள்ளந்தண்டினூடே செல்லும் நரம்பு வடம் சிதைந்தால், சிதைந்த இடத்துக்குக் கீழே அசைவு மட்டும் அன்று, உணர்வும் அற்றுப்போகும். நாம் உறங்கும்போது ஓரிடத்தில் உடற்பாரம் அழுந்தினால் அவ்விடம் நோகும். நோவை அறியாமலே புரண்டு படுப்போம். உணர்வற்றவன் புரளான். எலும்புக்கும் பாய்க்கும் இடையே நசுங்கிய தசைக்குக் குருதி செல்லாது. சில மணித்தியாலங்களில் அத்தசை இறக்கத் தொடங்கும். மேலே சிறிய சிவப்பு. உள்ளே எலும்பளவும் புண். அது பழுத்துக் குருதியில் நஞ்சேறினால் உயிரையே குடிக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இவ்வாறு அடிபட்டோர் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்தனர். வடம் அறுந்ததனால் அன்று. படுக்கைப்புண்ணினாலும் சிறுநீர் வழியே புகுந்த கிருமியினாலும் இறந்தனர். இதனை மாற்றியவர் லுட்விக் குட்மன். 1939இல் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு அகதியாக இங்கிலாந்துக்கு ஓடிவந்த யூத மருத்துவர் அவர். 1944இல் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் முள்ளந்தண்டுப் பிரிவை ஏற்று, இரவென்றும் பகலென்றும் பாராது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளரையும் திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். 1948இல் தம் நோயாளர் 16 பேரை வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். இன்றைய பராலிம்பிக் விளையாட்டுக்கு அதுவே வித்து. நாடிழந்தவரே பிறநாட்டார்க்கு ஆசிரியரானார் என்பதும் நினைக்கத்தக்கது.

ஆகவே இம்மருத்துவம் மருத்துவமனையோடு முடிவதன்று. வீட்டிலே, இரவிலே, விளக்கில்லாத கொட்டிலிலே தொடர்வது. அதனைக் கற்கவேண்டிய உண்மையான மாணாக்கர் தாயும் தாரமுமே.

முல்லைத்தீவு வீதியிலுள்ள ஒரு சிற்றூரில் அத்தகைய தாய் ஒருவரைக் கண்டு பேசியிருக்கின்றேன். மகனுக்குப் போர்முடிவில் அடிபட்டபோது வயது இருபது. இன்று அவர் நாற்பதை அணுகுகின்றார். தாய் எழுபதை அணுகுகின்றார். ஏதோ ஒரு நிலையத்தில் வெளிநாட்டுப் பெண்ணொருத்தி தமக்குப் பயிற்சி தந்ததாக அவர் சொன்னார். "அந்தப் பிள்ளை வாயாலை சொன்னது ஒண்டும் எனக்கு விளங்கேல்லை ஐயா. கையாலை செய்து காட்டினதைத்தான் பிடிச்சுக்கொண்டன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் போடவேணும் எண்டு ஒரு தம்பி தமிழிலை சொன்னவர். ஏன் எண்டு சொல்லேல்லை." வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் ஒருநாள், பிள்ளை நன்றாக உறங்குகிறானே, எழுப்புவானேன் என்று இரக்கங்கொண்டு விடியுமட்டும் அவர் விட்டுவிட்டாராம். அந்த ஓரிரவில் வந்த புண் ஆற ஒன்பது மாதம் சென்றது.

'ஏன்' என்ற அவ்வொரு சொல்லைப் பற்றியே இங்குப் பேசுகின்றோம். அப்பெண் அதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டாள். தன் மொழியிற் சொல்லியே இருப்பாள். நடுவே நின்ற இளைஞனுக்கு அவள் சொன்னதை எடுத்துரைக்கத் தமிழ் வாய்க்கவில்லை. விதியை மட்டும் சொன்னான், காரணத்தை விட்டுவிட்டான். அவனையும் குறைகூற இயலாது. அவன் ஆங்கிலம் அறிந்தவன் என்பதற்காக அங்கு நிறுத்தப்பட்டவன்; உடற்கூறு அறிந்தவன் அல்லன். செய்கை கையினாற் கைமாறும். காரணம் மொழியினாலன்றிக் கைமாறாது. காரணம் அறியாத செய்கை முதற் சோதனையிலே கைவிடப்படும்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விடரை முற்ற உணர்ந்த வெளிநாட்டார் ஒருவர் நம்மிடையே இருந்தார். மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே 1822இல் பிறந்து, 1847இல் அமெரிக்க மிசன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். ஓய்வுக்குத் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின், 1864 முதல் தமிழிலே கற்பிக்கத் துணிந்தார்.

அத்துணிவுக்கு அவர் கொண்ட காரணங்களைக் கவனித்தல் வேண்டும். ஆங்கிலத்திற் கற்ற மாணவன் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போய்விடுவான். தமிழிற் கற்றவன் தன் கிராமத்திலே தங்குவான் என்பது அவற்றுள் ஒன்று. மொழி ஒரு கதவு என்று நாம் புகழ்ந்து பேசுகின்றோம். கதவு வெளியேறுவதற்கும் வழி என்பதைக் கிறீன் கண்டார். தம் மாணவர் உடையிலும் உணவிலும் மேனாட்டார் ஆகிவிடலாகாது என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரும் மறைத்தவர் அல்லர். எனினும் அவர் விட்டுச்சென்றவற்றுள் எல்லாரும் எடுத்தாளத்தக்கது அவர் ஆக்கிய தமிழே.

தமிழிற் கற்பிக்கத் துணிந்தாற் போதுமா? நூல் வேண்டுமே! கிறீன் தமிழைக் கற்றார், மாணவரைத் துணைக்கொண்டார், மொழிபெயர்த்தார். இரண வைத்தியம் 1867இல் வெளிவந்தது. மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872இல் வெளிவந்தன. உடல்நலம் குன்றி 1873இல் நாடு திரும்பிய பின்னரும் அவர் கையிலிருந்து தமிழ் நீங்கவில்லை. கெமிஸ்தம் 1875இலும் மனுஷ சுகரணம் 1883இலும் வெளியாயின. மறுவருடம் அவர் மறைந்தார். கடல்களுக்கு அப்பால், தமிழோசை கேளாத ஊரில் இருந்து, இனித் தாம் காணப்போவதில்லாத மாணவர்க்காக ஒருவர் உடற்றொழிலியலைத் தமிழ்ப்படுத்திக்கொண்டிருந்தார் என்பதை நினைக்குந்தோறும் தமிழாசிரியராகிய நமக்கு நாணம் உண்டாகின்றது. அவரிடத்து மருத்துவம் கற்றுத் தேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட நெறியும் நுண்ணியது. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல் கிடைக்குமாயின் அதுவே முதல், கிடையாதாயின் வடசொல், அதுவும் பொருந்தாதவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயையத் திரித்து வழங்கல். கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் பிரபந்தங்களை அறிந்தார்க்கு அங்காதிபாதம் என்ற பெயர் அந்நியமாகத் தோன்றாது. கெமிஸ்தம் என்பதைக் கண்டு நகைப்பார் உளர். எனக்கோ அதில் ஓர் அழகு தெரிகின்றது. அம் விகுதி பெற்றுத் தமிழ்ப்பெயர்போல் உருபேற்க இசைந்து நிற்கின்றதன்றோ? வடமொழி மிகுதி அவர் நூல்களின் குறைதான். இன்றைய மாணவன் 'சுகரணம்' என்பதற்குத் தனியே பொருள் கேட்பான். ஆயினும் குறையுள்ள நூல் இல்லாத நூலினும் மேலானது. கவிஞர் அம்பி 1967இல் கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை எழுதி அவரை நம் நினைவுக்கு மீட்டுத் தந்தார். அடிச்சுவட்டைப் போற்றினோம், அதில் நடந்தோமா என்பது வேறு.

இயன்மருத்துவத்துக்கு அணுக்கமான மற்றோர் எடுத்துக்காட்டு வேலூரில் உண்டு. கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயராகிய டாக்டர் போல் பிராண்ட், 1940களின் இறுதியில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றித் தைப்பது அம்முறை. ஆனால் தைத்தவுடன் விரல் கீழ்ப்படியாது. முன்னொரு வேலை செய்த தசை, புதுவேலையைக் கற்றல் வேண்டும். அதனைக் கற்பிப்பவர் இயன்மருத்துவர். ரூத் தோமஸ் என்னும் பெண்மணி வெளிநாட்டிலிருந்து வந்து அப்பணியை அங்கே நிலைநாட்டினார். காலப்போக்கில் நோயிலிருந்து தேறியவர்களே இப்பயிற்சியைக் கற்று மற்றையோர்க்குக் கற்பிக்கலாயினர்.

அதே கல்லூரியில் மேரி வர்கீஸ் என்னும் கேரளத்து இளம் மருத்துவர் 1954இல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யப் பழகினார். பின்னர் ஆஸ்திரேலியாவிற் பேர்த் நகரிலே தமக்கே புனர்வாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயோர்க்கிலே அத்துறையைக் கற்றார். திரும்பி வந்து வேலூரில் அத்துறையை நிறுவினார். 1966இல் அங்குப் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. அவரிடம் வந்த நோயாளர்க்கு 'ஏன்' என்பதை விளக்க மொழிபெயர்ப்போன் வேண்டியிருந்ததோ? அவருடைய உடம்பே விளக்கமாயிருந்தது.

இவற்றை நோக்க, இரு கிழமைக்கு வந்து செல்லும் மாணவர் குழுக்களைப் பற்றிச் சிலர் கொண்டுள்ள ஐயம் நியாயமானதே எனலாம். இருபத்திரண்டு வயது மாணவி இரு கிழமையில் எதைக் கற்பித்துவிடுவாள்? கற்பிப்பதினும் கற்றுச் செல்வதே மிகுதியாக இருக்கும். அதனாற் குற்றமில்லை, அவள் மாணாக்கர் என்ற பெயரோடு வரட்டும், ஆசிரியர் என்ற பெயரோடு வரவேண்டா. அவளுடன் வரும் பேராசிரியர் ஆண்டுதோறும் அதே ஊருக்கு, அதே மனிதரிடம் வருவாராயின் அஃது ஒரு பெரும்பயன். அவர் பயிற்றவேண்டியது நோயாளர் நூற்றுவரை அன்று. அந்நூற்றுவர்க்கும் சொல்லித்தரவல்ல உள்ளூரார் நால்வரை. இதை வந்தவர்க்குச் சொல்லும் துணிவு நம்மவர்க்கு வேண்டும். விருந்தினர் மனம் கோணுமென்று மாலையிட்டு, படம் எடுத்து, வழியனுப்பி விடுகின்றோம்.

ஏ-9 வீதியில் முல்லைத்தீவுக்கு வழி பிரியும் மாங்குளத்திலே, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தாமே கூடி அமைத்த உயிரிழை என்னும் அமைப்பு உண்டு. அவ்வூர் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்து நாட்டின் உதவியோடு எழுந்த புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் 2024 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது, தம் உடம்பாலே பாடங்கற்ற ஆசிரியரும் அயலிலே இருக்கின்றனர். பம்பைமடுவும் முன்போல் இல்லை. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அது நிற்பதும் பம்பைமடுவிலேதான். பல்கலைக்கழகமானபோது அதன் பீடங்கள் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பவியற் கற்கைகள் என மூன்று. இயன்மருத்துவம் அவற்றுள் இல்லை. இந்நாட்டிற் பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் அது பட்டக் கல்வியாக ஆங்கிலத்திலே பயிற்றப்படுகின்றது. உயர்கல்வியை ஆங்கிலத்திற் கற்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்திற் கற்று வந்த தமிழ் இளைஞரும் அத்தாயின் முன்னே நிற்கும்போது, முன்பு நின்ற அந்தத் தம்பியைப் போலவே சொல்லுக்குத் தடுமாறுவாராயின் என் செய்வது?

இங்கே தமிழாசிரியர்க்கும் வேலை இருக்கின்றது. மருத்துவர் பொருளைச் சொல்லட்டும். நாம் சொல்லைத் தேடுவோம். அறையில் அமர்ந்து நிகண்டைப் புரட்டித் தேடுவது அன்று. பராமரிப்போர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தாமே சொற்களை ஆக்கிக்கொண்டு விட்டனர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை அத்தாய் 'தூக்கி இருத்துதல்' என்றார். நாற்காலியில் இருப்பவர் கைகளை ஊன்றித் தம் இருக்கையைச் சற்று உயர்த்தி இறக்குவதை 'எழும்பி விடுதல்' என்றார். உணர்வற்ற கால் தானாக இறுகித் துடித்து மடங்குவதற்கு மருத்துவ நூலார் நீண்டதொரு பெயர் வைத்திருக்கின்றனர். அவர் 'இழுவை' என்று முடித்துவிட்டார். "இண்டைக்கு இழுவை கூட, எங்கையோ புண் வரப்போகுது" என்றும் சொன்னார். உணர்வற்ற உடம்பிலே புண்ணோ கிருமியோ தோன்றுமிடத்து இறுக்கம் மிகும் என்பது மருத்துவரும் ஒப்பும் உண்மை. ஒருவரும் சொல்லித் தராமலே அதனை அவர் கண்டறிந்திருந்தார்.

ஓகஸ்ட் விடுமுறையிற் பத்து நாள் ஒதுக்கி, மாங்குளத்திலே ஓர் இயன்மருத்துவரும் ஒரு தமிழாசிரியரும் பராமரிப்போர் ஐவரும் கூடியிருந்தால், நாற்பது பக்கத்திற் படங்களோடு ஒரு கைந்நூல் எழுதிவிடலாம். வரும் வெளிநாட்டார் கையிலும் அதன் ஆங்கில வடிவத்தைக் கொடுத்து, இதன்படி கற்பியுங்கள் எனலாம். முதலதிகாரத்துக்குத் தலைப்பு 'ஏன் திருப்பிப் படுக்க வைக்கவேண்டும்?' என்றிருக்கட்டும். இழுவைக்கு இரண்டாம் அதிகாரம்.